சிற்றுயிரை ஆராய்ந்த பேரறிஞர்

அறிவியல் உலகில் அழியாப் புகழ் பெற்றவர் சார்லஸ் டார்வின். இவர் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள சுரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவரான தந்தையார், மகனையும் மருத்துவராக்க விரும்பி எடின்பரோ நகருக்கு அனுப்பினார். டார்வினோ அறுவை மருத்துவத்தைக் காண அஞ்சினார். கடற்கரையில் சிற்றுயிர்களைத் தேடுவதிலேயே இன்பம் கண்டார்.

1831ஆம் ஆண்டின் இறுதியில் 'பீகிள்' என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். 1835இல் சிலி நாட்டுக் கடற்கரையில் கடல் நத்தை ஒன்றின் ஓட்டைத் துளைத்து வாழ்ந்த மிகச் சிறிய உயிரைக் கண்டெடுத்தார். அது கொட்டலசு இனத்தைச் சேர்ந்தது.

கொட்டலசு கடலோரப் பாறைகளிலும் படகுகளின் அடியிலும் ஒட்டியிருப்பதை நாம் கண்டிருப்போம். மலாய் மொழியில் இதனைத் 'தெரித்திப்' என்பர். சிப்பிபோல் தோன்றினும் இது நண்டு, இறால் ஆகியவற்றின் உறவினமாகும். இளம் பருவத்தில் நீந்தித் திரியும். பின்னர்த் தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் ஓடு கட்டி, கால்களால் நீரைத் துழாவி இரை கொள்ளும். ஒட்டியபின் இடம் மாற இயலாது. எனவே பாறையில் இடத்திற்குப் பெரும் போட்டி உண்டு. நெருக்கத்தில் பல மடியும்.

1846இல் அந்தச் சிலி நாட்டு உயிரை டார்வின் ஆராயத் தொடங்கினார். அதனை அறிய அதன் இனம் முழுவதையும் அறிய வேண்டியதாயிற்று. பல நாடுகளிலிருந்தும் கொட்டலசுகளை வரவழைத்தார். விரைவில் முடியும் என எண்ணிய பணி எட்டு ஆண்டுகள் நீண்டது. நோய் அவரை வாட்டியது. 1851இல் பத்து வயது அருமை மகள் ஆனி இறந்தாள். துயரம் ஆறாத நிலையிலும் மீண்டும் நுண்ணோக்கியின்முன் அமர்ந்தார். 1854இல் பணி நிறைவுற்றது. நான்கு நூல்கள் வெளிவந்தன. இதற்கிடையே, 1853இல் இலண்டன் அரச கழகம் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

இத்துணைக் காலம் செலவிட்டது தகுமா என்று பிற்காலத்தில் அவரே ஐயுற்றார். ஆயினும், ஓர் இனத்துக்குள்ளும் ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்னும் உண்மையை அச்சிற்றுயிர்களே அவருக்குத் தெளிவாகக் காட்டின. 1859இல் அவர் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலுக்கு அவ்வுண்மை உறுதுணையாயிற்று. 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மறைந்த அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அன்பு மாணவர்களே! சிறியது என்று எதனையும் இகழாதிருப்போம். எடுத்த பணியை இடையில் விடாது முடிப்போம். அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, பாறையில் ஒட்டியுள்ள கொட்டலசின் அருகே சற்றே குனிந்து பார்ப்போம்.