திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

காலையில் பேருந்து எங்கள் ஊரில் நிற்காமல் போய்விட்டால் அன்று முழுவதும் என் மனம் கசந்துவிடும். முதல் வகுப்பு போயிற்று. செய்முறை வகுப்பிலும் தலைகுனிந்து நிற்க வேண்டும். நமக்கெல்லாம் எதற்குப் படிப்பு என்று கூடத் தோன்றும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஆகையால் இதைச் சொல்லி அழுதாலும் வீட்டில் எவருக்கும் விளங்காது. அப்படியொரு நாளில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாற்றை நூலகத்தில் எடுத்துப் படித்தேன்.

அம்மையார் 1886 ஜூலை 30 அன்று நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். பெரியவளானதும் பள்ளிக்குப் போவது நின்றது. வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். மூடிய வண்டியில் வந்து, மாணவர் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார் அம்மையார்.

அந்தத் திரையைச் சற்றே எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நானாக இருந்தால் ஒரு வாரத்தில் வீட்டோடு நின்றிருப்பேன். திரை முகத்தைத்தான் மறைத்தது, ஆசிரியரின் குரலை மறைக்கவில்லை என்று அவர் கொண்டிருப்பார் போலும். இது என் ஊகமே. ஆனால் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் அவர் டாக்டரானது ஊகமன்று.

பொறுத்துப் போவதுதான் அவர் வழி என்று எண்ணிவிட வேண்டாம். 1927-இல் சென்னை சட்டசபையின் துணைத்தலைவரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். நம் திருமயம் பெற்றெடுத்த சத்தியமூர்த்தி அவர்களே எதிரணியில் நின்றார் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவ்வழக்கத்தைத் தடுக்கும் முழுமையான சட்டம் வர 1947 ஆயிற்று. அதுவரை அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அவ்வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு விடுதிகள் கதவடைத்தபோது, தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். 1930-இல் அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியை அவர் துறந்ததும் அதே ஆண்டில்தான்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துயரம் அடையாற்றில் மருத்துவமனையாக எழுந்தது 1954-இல்; அப்போது அவருக்கு வயது 67. தொடக்கத்தில் இருந்தவை 12 படுக்கைகளே. 1968 ஜூலை 22 அன்று அவர் மறைந்தார். மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

எங்கள் ஊரில் பேருந்து இன்னமும் சில நாள் நிற்பதில்லை. முன்பெல்லாம் என் வகுப்பு போயிற்றே என்றுதான் புழுங்குவேன். இப்போது உடன் நிற்பவர்களையும் பார்க்கிறேன்: பள்ளிப் பிள்ளைகள் ஐவர், பூக்கூடையோடு ஓர் ஆத்தா. நிற்காத நாட்களை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆத்தா கைநாட்டு வைத்தது.