பாலே காலணியும் சலங்கையும்: ருக்மிணி தேவி அருண்டேல்

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பிறந்த நாள் வரும் என்ற நிலை எத்தனை பேருக்கு வாய்க்கும்? ருக்மிணி தேவி அம்மையாருக்கு வாய்த்தது. அவர் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். தாயார் சேஷம்மாள். பின்னர் அவர்கள் குடும்பம் சென்னை அடையாற்றில், பிரம்ம ஞான சபைக்கு அருகே குடியேறியது. அங்கேதான் அன்னி பெசன்ட் அம்மையாரின் அன்பு சிறுமி ருக்மிணிக்குக் கிடைத்தது.

1920ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில், அச்சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். அவர் இவரைவிட இருபத்தைந்து ஆண்டுகள் மூத்தவர். சென்னை நகரமே அன்று கொந்தளித்தது. சாதி கடந்து, நாடு கடந்து மணந்ததற்காக ஊரார் ஏசினர். வகுப்பில் நாங்கள் இதைப் பேசியபோது எங்களுக்குப் பெரிதாகத் தோன்றியது சாதியோ நாடோ அன்று, பதினாறு என்ற வயதுதான். இன்றைய சட்டம் அதற்கு இடம் தராது. ஆனால் அத்திருமணமே அவரை உலகெங்கும் அழைத்துச் சென்றது என்பதும் உண்மை.

பரதநாட்டியம் என்றால் ருக்மிணி தேவி என்று நாம் பாடநூலில் படிக்கிறோம். அவர் முறையாகக் கற்ற முதல் நடனம் பரதம் அன்று, ரஷ்ய நாட்டில் செழித்த பாலே நடனம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பாலே உலகின் பேரரசியாக அன்று விளங்கியவர் அன்னா பாவ்லோவா. 1881இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு சலவைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் அருண்டேல் தம்பதியர் ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற கப்பலில் பாவ்லோவாவும் பயணம் செய்தார். கடல் வழியில் நட்பு வளர்ந்தது. அவருடைய குழுவின் சிறந்த ஆடலரசியருள் ஒருவரான கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. பாலே கற்போர் எட்டு, பத்து வயதிலேயே தொடங்கிவிடுவர். அந்த வயதில் அவர் மாணவியாய் நின்றாரே, அந்தத் துணிவைத்தான் நான் வியக்கிறேன்.

பாலேயின் முதல் பாடம் என்ன? சுவரோரம் இடுப்பு உயரத்தில் பொருத்திய மரக்கம்பியைப் பிடித்து நிற்பது. பாதங்களை வைக்க ஐந்து நிலைகள் உண்டு. முதல் நிலையில் குதிகால்கள் சேர்ந்து, விரல்கள் இருபுறமும் வெளிநோக்கித் திரும்பியிருக்கும். இந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் கெட்டுவிடும். அடுத்து, முதுகு நிமிர்ந்தபடியே முழங்கால்களை மடக்கித் தாழ்வது. இதற்குப் பிரெஞ்சு மொழியில் ப்ளியே என்று பெயர். நாட்டியம் பயிலும் தோழியர் இதைப் படித்ததும் அரைமண்டியை நினைப்பர். ஆம், இரண்டும் அக்கா தங்கை போலத்தான் இருக்கின்றன. ஆனால் அரைமண்டியில் அமர்ந்தவள் அங்கேயே இருந்து தரையைத் தட்டி எழுப்புகிறாள். ப்ளியேயில் தாழ்ந்தவளோ மேலே எழும்புவதற்காகவே தாழ்கிறாள். தரையே தனக்கு வேண்டாம் என்பது போல விரல் நுனியில் நிற்கிறாள்.

அதற்குத்தான் அந்தக் காலணி. முதலில் அணிவது மெல்லிய தோலாலோ கித்தானாலோ ஆன மென்காலணி. அது கையுறை போலப் பாதத்தோடு ஒட்ட வேண்டும். விரல்கள் மடங்காமல் நேராகக் கிடக்க வேண்டும், நுனியில் துணி மிஞ்சவும் கூடாது. வளர்கிற பிள்ளை என்று நம் வீடுகளில் ஜூன் மாதம் ஓர் அளவு பெரிதாகச் செருப்பு வாங்குவார்களே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. தளர்ந்த காலணி ஆடும்போது காலை வாரிவிடும். சில ஆண்டுகள் இப்படிப் பயின்று, கணுக்காலும் பாதமும் வலுப்பெற்ற பிறகே, பெரும்பாலும் பதினொன்று பன்னிரண்டு வயதுக்குமேல், விரல் நுனிக் காலணியை ஆசிரியர் அனுமதிப்பார். வெளியே பளபளக்கும் சாட்டின் துணி. உள்ளேயோ துணியும் காகிதமும் பசையிட்டு அடுக்கி இறுக்கிய கூடு. அடியில் விறைப்பான அட்டை. கூடு அகன்றிருந்தால் உடல் எடை முழுவதும் விரல் நுனியில் இறங்கி நகம் நோகும். குறுகியிருந்தால் விரல்கள் நெரியும். ஆகையால் கடையில் நின்று பார்த்து, விரல் நுனியில் எழுந்தும் பார்த்தே வாங்க வேண்டும். நாடாவைத் தைப்பது ஆடுபவளின் வேலை. பெரிய நாட்டியக் குழுக்களில் ஒரே இரவில் ஒரு ஜோடி பாழாவதும் உண்டு. பாவ்லோவாவின் பாதம் மிக உயர்ந்த வளைவு கொண்டது. அக்காலத்துக் காலணி அதைத் தாங்காததால், உள்ளே உறுதியான தோலை வைத்துத் தமக்கேற்பத் திருத்திக்கொண்டார். அது முறையன்று எனச் சிலர் குறை கூறினர். இன்று எல்லாரும் அணிவது அத்தகைய உறுதியான காலணியையே!

அந்தப் பாவ்லோவாதான் ருக்மிணி தேவியிடம், உம் நாட்டுக் கலையைத் தேடும் என்று அறிவுறுத்தினார். 1931இல் பாவ்லோவா மறைந்தார். 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் மரபினரின் சதிர் ஆட்டத்தைக் கண்ட ருக்மிணி தேவி, தாம் தேட வேண்டியது எது என்று கண்டுகொண்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். காலணியைக் கழற்றிவிட்டுச் சலங்கை கட்டினார். குடும்பப் பெண்கள் மேடையேறி ஆடுவது இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. 1935 டிசம்பரில் அடையாற்றில், பிரம்ம ஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். ஒளியமைப்பு, உடை, மேடை ஒழுங்கு ஆகியவற்றில் பாலே தந்த பாடம் அவர் படைப்புகளில் தெரிகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகும். அந்த ஆட்டத்தைப் பல தலைமுறைகளாகக் காத்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். அவர் சிருங்காரத்தைக் குறைத்ததை, அம்மரபில் வந்த பாலசரஸ்வதி அம்மையார் ஏற்கவில்லை. ஆடல் புதிய வீடுகளுக்கு வந்தது. பழைய வீடுகளில் பலவற்றில் சலங்கை ஓய்ந்தது. அப்பெண்களில் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. ருக்மிணி தேவிக்குக் கற்பித்த கௌரி அம்மாளும் அம்மரபினரே என்பதை மறக்கலாகாது.

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேற அவர் உழைப்பே முதற்காரணம். 1956இல் பத்மபூஷண் பெற்றார். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு மொரார்ஜி தேசாய் கேட்டபோது மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24ஆம் நாள் சென்னையில் காலமானார்.

நம் நெல்லைச் சீமைக்கு இவரோடு ஓர் உறவு உண்டு. கலாக்ஷேத்திரத்தில் அவர் அமைத்த முதல் நாட்டிய நாடகம், 1944இல் மேடையேறிய குற்றாலக் குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது. நம் குற்றால அருவியும், மலைக்குறத்தியும், பந்தாடும் வசந்தவல்லியும் அடையாற்றங்கரை மேடையில் வெறுங்காலில் வந்து நின்றனர்.