மார்லேனே டீட்ரிஷ்: காற்சட்டையும் தாய்நாடும்

ஜேர்மனியில் வாழும் நம் குடும்பங்களில், பெண்பிள்ளைகளோடு துணிக்கடை ஏறி இறங்கியவர்களுக்கு மார்லேனே காற்சட்டை என்ற பெயர் பழக்கமாக இருக்கும். இடுப்பில் உயர்ந்து நின்று, தொடையிலிருந்து கீழ்வரை அகலமாக விழும் நீளக் காற்சட்டை அது. குதியுயர்ந்த சப்பாத்தோடு போட்டால் குதியை ஏறக்குறைய மூடிவிடும். அந்தப் பெயருக்குரிய நடிகை மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் தன் நாட்டின் ஆட்சியாளரை எதிர்த்து வெளியே நின்றவர் என்பதும், அதற்காகச் சொந்த ஊரிலேயே துரோகி என்று ஏசப்பட்டவர் என்பதும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

மார்லேனே டீட்ரிஷ் 1901 டிசம்பர் 27 அன்று பேர்லினின் ஷோனபேர்க் பகுதியில் பிறந்தார். பொலிஸ் அதிகாரியான தந்தை, மகள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வயலின் கலைஞராக வர விரும்பிய மார்லேனேக்கு மணிக்கட்டு வருத்தம் இடைஞ்சலாக வந்தது. பிறகு நாடகம், பாட்டு, சினிமா என்று திரும்பினார். நீல தேவதை என்ற படம் 1930 ஏப்ரல் 1 அன்று பேர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அந்த இரவே அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்.

அதே ஆண்டு வெளியான மொரோக்கோ படத்தில் ஆண்களின் கறுப்பு வால்கோட்டு, காற்சட்டை, உயர்ந்த தொப்பியோடு மேடையில் தோன்றினார். அந்த வேடம் அவருக்கு ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றுக் கொடுத்தது. படத்துக்கு வெளியிலும் அவர் காற்சட்டையை விடவில்லை. 1933 இல் பாரிஸ் நகருக்கு ஆண்களின் கோட்டும் காற்சட்டையுமாக வந்திறங்கியபோது அது பெரிய செய்தியானது. பொலிஸ் அனுமதியில்லாமல் பெண்கள் ஆணுடை அணியக் கூடாது என்று 1800 இல் பாரிஸில் போடப்பட்ட கட்டளை அப்போதும் ஏட்டில் இருந்தது. அது இனிச் செல்லாது என்று பிரான்ஸ் அரசு வெளிப்படையாக அறிவித்தது 2013 இல்தான்.

அவர் அணிந்தது அண்ணனின் காற்சட்டையை இரவல் வாங்கிப் போட்டதுபோல இருக்கவில்லை. வியன்னாவின் பெயர்பெற்ற ஆண்கள் தையலகமான க்னீசேயில் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டார். ஓர் உடை உடம்பில் சரியாக அமையும்வரை மணிக்கணக்கில் நின்று அளவு பார்க்க அவர் சலிக்காதவர். சில ஒளிப்படங்களில் தட்டைச் சப்பாத்தும், வேறு சிலவற்றில் குதியுயர்ந்த சப்பாத்தும் அணிந்திருப்பார்.

இந்த அளவு விடயத்தில் நம் வீடுகளிலும் அடிக்கடி பிழை நடக்கிறது. குதியுயர்ந்த சப்பாத்தோடு போடும் அகலக் காற்சட்டையை, அந்தச் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். பின்பக்க விளிம்பு நிலத்திலிருந்து ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் மேலே நின்றால் போதும். முன்பக்கம் சப்பாத்தின் மேல் இலேசாகத் தங்கும். இரண்டு விரலளவு கட்டையாகிவிட்டால் குதி முழுவதும் வெளியே தெரிந்து, கால் குட்டையாகத் தோன்றும். அதே காற்சட்டையைத் தட்டைச் சப்பாத்தோடு போட்டால் விளிம்பு நிலத்தில் இழுபட்டு, மழையிலும் பனியிலும் நனைந்து, படியில் காலைத் தடக்கும். ஆகவே ஒரு காற்சட்டைக்கு ஒரு குதி உயரம்தான். ஒடுங்கிய காற்சட்டைக்குக் கணக்கு வேறு. அது கணுக்கால் எலும்பை ஒட்டி நின்றாலே அழகு. சுருங்கக்கூடிய துணியென்றால் முதலில் கழுவிக் காயவைத்து, பிறகு மடித்துத் தைக்க வேண்டும். வளரும் பிள்ளையென்றால் உள்ளே 4 சென்ரிமீற்றராவது மிச்சம் விடுவது நல்லது.

மார்லேனே காற்சட்டையோடு பாரிஸில் இறங்கிய அந்த 1933 இல்தான் ஹிட்லர் ஜேர்மனியில் ஆட்சிக்கு வந்தார். உலகப் புகழ்பெற்ற நடிகையைத் திருப்பி அழைத்துத் தங்கள் சினிமாவின் முகமாக்க நாஜிகள் விரும்பினார்கள். அவர் மறுத்தார். 1939 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். தாய் பேர்லினிலேயே இருந்தார்.

போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினருக்காக வட ஆபிரிக்கா, இத்தாலி, பிரான்ஸ் என்று போர்முனைக்கு அருகிலேயே பாடப் போனார். பயணத்தில் இராணுவச் சீருடையும் கனத்த சப்பாத்தும், மேடையில் மினுங்கும் நீள அங்கி. 1945 இல் போர் முடிந்தபின் பேர்லினில் தாயைக் கண்டார். அந்த நவம்பரிலேயே தாய் இறந்தார். 1947 இல் அமெரிக்கா அவருக்குச் சுதந்திரப் பதக்கம் வழங்கியது.

1960 இல் பாடல் நிகழ்ச்சிக்காக ஜேர்மனிக்கு வந்தபோது வரவேற்பு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அரங்கின் உள்ளே கைதட்டல் ஓயவில்லை. வெளியே, திரும்பிப் போ என்ற பொருளில் பதாகைகள். எதிரியின் சீருடையை அணிந்தவர் என்ற கோபம் பலரிடம் ஆறாமல் இருந்தது. பிறந்த ஊரிலேயே போ என்ற சொல்லைக் கேட்பது எப்படியிருக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர் மறுபடி ஜேர்மனியில் குடியேறவில்லை.

1975 இல் சிட்னியில் மேடையில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. மேடை வாழ்க்கை அத்தோடு முடிந்தது. கடைசி ஆண்டுகளைப் பாரிஸில், யாருக்கும் முகம் காட்டாமல் வீட்டுக்குள்ளேயே கழித்து, 1992 மே 6 அன்று 90 வயதில் இறந்தார். பேர்லின் சுவர் அதற்குள் விழுந்திருந்தது. அவரது உடல் பேர்லினுக்குக் கொண்டுவரப்பட்டு, ஃபிறீடெனௌ மயானத்தில் தாயின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது. 2002 இல் பேர்லின் அவரைத் தன் கௌரவக் குடிமகளாக்கியது. ஆயிரக்கணக்கான உடைகளும் சப்பாத்துகளும் தொப்பிகளும் அந்த நகரின் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. ஏசிய ஊரே இன்று அவர் உடைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

நம்மில் முதலில் வந்த அம்மாக்கள் பலர், குளிருக்காகவும் வேலைக்காகவும்தான் முதன்முதலில் காற்சட்டை போட்டார்கள். அவர்களின் பெண்பிள்ளைகளுக்கு அது விரும்பி எடுக்கும் உடை. ஆனாலும் ஒரு கலியாண வீட்டுக்கோ ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கோ மகள் அகலக் காற்சட்டையும் குதியுயர்ந்த சப்பாத்துமாகப் புறப்பட்டால், சனம் என்ன சொல்லும் என்ற கேள்வி இன்னும் எழுகிறது. ஊர்ப்பற்றை உடையில் அளக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மார்லேனேயை ஏசியவர்களும் சீருடையைத்தான் பார்த்தார்கள். எந்த ஆட்சிக்குத் துணைபோக மறுத்து அவர் அதை அணிந்தார் என்பதைப் பார்க்கவில்லை.

அடுத்தமுறை மகளின் காற்சட்டையைத் தைக்கக் கொடுக்கும்போது, அவள் போடப்போகும் சப்பாத்தையும் கூடக் கொண்டுபோவோம். நீளம் எவ்வளவு என்பதை அவளே கண்ணாடி முன் நின்று சொல்லட்டும்.