சலங்கை கட்டிய காரியதரிசி

மார்கழியும் தையும் வந்தால் சென்னைச் சபைகளில் சலங்கை ஒலி ஓயாது. டாக்டர் வீட்டுப் பெண்ணும் ஆசிரியர் வீட்டுப் பெண்ணும் அரங்கேற்றம் செய்கிறார்கள். பெற்றோர் பெருமையோடு முன் வரிசையில் உட்காருகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அன்று அதற்குச் சதிர் என்று பெயர். சின்ன மேளம் என்றும் சொல்வார்கள். அதைப் பார்ப்பதே கௌரவக் குறைவு என்று படித்தவர்கள் ஒதுங்கினார்கள். அந்தக் கலையைச் சபை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஈ. கிருஷ்ணய்யர். அவர் நட்டுவனார் அல்ல. தொழில்முறை நர்த்தகரும் அல்ல. ஒரு வக்கீல், ஒரு சபையின் காரியதரிசி.

பெண் வேடம் பூண்ட வக்கீல்

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் 1897ஆம் ஆண்டு பிறந்தவர் கிருஷ்ணய்யர். சட்டம் படித்துச் சென்னையில் வக்கீல் தொழிலில் இறங்கினார். சங்கீதத்தில் தேர்ந்த ஞானம் உண்டு. தேசிய இயக்கத்திலும் ஈடுபாடு கொண்டவர்.

பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் சேர்ந்து நடித்தார். மாளவிகாக்னிமித்திரம் நாடகத்தில் மாளவிகை வேடம் அவருக்குக் கிடைத்தது. மாளவிகை நாட்டியம் ஆட வேண்டியவள். வேடத்துக்காக ஏதோ ஆடிவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. மெலட்டூர் பாகவத மேள மரபில் வந்த நடேசய்யரிடம் முறையாகப் பயின்றார்.

கற்ற பிறகுதான் கலையின் ஆழம் தெரிந்தது. இத்தனை உயர்ந்த வித்தை ஏன் ஏளனத்துக்கு ஆளாக வேண்டும் என்ற ஏக்கம் பிறந்தது. தாமே புடவை உடுத்தி, சலங்கை கட்டி, மேடை மேடையாக ஆடிக் காட்டினார். கோர்ட்டில் வாதாடும் மனிதர் பெண் வேடத்தில் ஆடுவதென்றால் ஊர் சும்மா இருக்குமா? ஆனால் அவர் பின்வாங்கவில்லை.

சபையின் வேலை

1927ஆம் ஆண்டு சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி அகில இந்திய சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928ஆம் ஆண்டு சங்கீத வித்வத் சபை உதயமாயிற்று. டாக்டர் யு. ராமராவ் அதன் தலைவர். காரியதரிசிகளில் ஒருவர் கிருஷ்ணய்யர்.

தலைவரின் பெயர் அழைப்பிதழின் உச்சியில் இருக்கும். காரியதரிசியின் பாடு அதற்குக் கீழே இருக்கும். வித்வான்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். மண்டபம் பிடிக்க வேண்டும். சம்பாவனைக்குப் பணம் திரட்ட வேண்டும். பத்திரிகைகளுக்குச் செய்தி தர வேண்டும். கச்சேரி நன்றாக நடந்தால் புகழ் வித்வானுக்கு. கூட்டம் வராவிட்டால் பழி காரியதரிசிக்கு.

இதை அறிந்தே அவர் ஒரு துணிச்சலான காரியத்துக்கு முன்னின்றார். 1931ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்விகளான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரின் நாட்டியம் சபையின் ஆதரவில் நடந்தது. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மூண்டது விவாதம்

1932ஆம் ஆண்டு இறுதியில் பொப்பிலி ராஜாவுக்கு நடந்த பாராட்டு வைபவத்தில் சதிர் இடம்பெற்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதைக் கண்டித்துப் பத்திரிகைகளில் எழுதினார். சின்னஞ்சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் சட்டசபையிலேயே போராடியவர். அந்தக் கொடுமையை நேரில் அறிந்தவர். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது.

கிருஷ்ணய்யர் பதில் எழுதினார். பொட்டுக் கட்டும் வழக்கம் போகட்டும். அதற்காகக் கலையையும் சேர்த்துக் கொன்றுவிடக் கூடாது என்பது அவர் கட்சி. வாதப் பிரதிவாதங்கள் வாரக் கணக்கில் நீண்டன. நாட்டியம் என்றால் முகம் சுளித்தவர்கள்கூட அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க விரும்பினார்கள். 1933ஆம் ஆண்டு முதல் நாளன்று சபையின் நாட்டிய நிகழ்ச்சிக்குக் கூட்டம் திரண்டது. அதே ஆண்டில் பாலசரஸ்வதியும் சபை மேடை ஏறினார். சதிர் என்ற பெயர் மங்கி, பரத நாட்டியம் என்ற பெயர் நிலைத்தது.

ருக்மிணி தேவி இந்தக் கலையின்பால் திரும்பியதிலும் கிருஷ்ணய்யருக்குப் பங்கு உண்டு. அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935ஆம் ஆண்டு அடையாற்றில் ஆடினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரம் தோன்றியது.

வெற்றியும் விலையும்

1947ஆம் ஆண்டு பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. முத்துலட்சுமி ரெட்டியின் லட்சியமும் பலித்தது. கிருஷ்ணய்யரின் கலையும் பிழைத்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைக் காத்த குடும்பங்களின் நிலை என்ன? புதிய மேடையில் பாலசரஸ்வதியைப் போல நிலைத்தவர்கள் மிகச் சிலர். பலர் ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார்கள். கலைக்குக் கிடைத்த கௌரவம் அதை வளர்த்தவர்கள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கையும் மறைக்காமல் எழுதுவதே நியாயம்.

சுதந்திரத்துக்குப் பின் கிருஷ்ணய்யர் சென்னை மாநில சங்கீத நாடக சங்கத்தின் காரியதரிசியாகவும் பணியாற்றினார். வயது ஏறியும் அதே கடிதங்கள், அதே ஏற்பாடுகள், அதே அலைச்சல். பாகவத மேளம் போன்ற பழைய ஆட்டங்கள் அழியாதிருக்கவும் பாடுபட்டார். 1966ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வந்தது. 1968ஆம் ஆண்டு காலமானார்.

அந்தச் சங்கமே இன்று தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடும் கலைஞர், உதவி கேட்டு மனுப் போட்டால் அது போய்ச் சேருவது அந்த மன்றத்துக்குத்தான். கல்லிடைக்குறிச்சி வக்கீலின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மேடைக்குப் பின்னால் உழைப்பவர்களின் பெயர் பெரும்பாலும் தெரிவதில்லை. விளக்கு ஏற்றியவரை மறந்தாலும் வெளிச்சம் இருந்துகொண்டுதான் இருக்கிறது.