கரியில் ஓடிய பஸ்
(டி.வி.சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கை)

ராமநாதபுரம் சீமையில் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வெட்ட வெளியில் ஒரு மேட்டில் இருந்து புகை வந்து கொண்டிருக்கும். அதுதான் கரி மூட்டம்.

சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்து விடுவார்கள். சில நாட்கள் கழித்துப் பிரித்தால் விறகு எல்லாம் கரியாகி இருக்கும்.

அந்தக் கரி அடுப்பு எரிக்கும். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கும். பஸ்சை ஓட்டுமா?

ஓட்டும்! இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, பெட்ரோல் கிடைக்காமல் நாடே தவித்தது. அப்போது பஸ்களும், லாரிகளும், கார்களும் மரக்கரியில் ஓடின. அதற்கு வேண்டிய கருவியைத் தமிழ்நாட்டில் செய்து கொடுத்தவர், மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்து அவருடைய பெயர்தான்.

வக்கீல் வேலையை விட்டார்

சுந்தரம் அய்யங்கார், 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி பிறந்தார். ஊர், நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி. நம்பி கோவிலால் புகழ் பெற்ற ஊர் அது.

படிப்பு முடிந்ததும் வக்கீல் ஆனார். பிறகு ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அதன் பிறகு பாங்கியில் வேலை செய்தார்.

மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகத்தை அந்தக் காலத்தில் யாரும் லேசில் விட மாட்டார்கள். அவர் விட்டார். 1911-ம் ஆண்டில், தமது 34-வது வயதில், மோட்டார் தொழிலில் இறங்கினார். 1912-ல் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார்.

மோட்டார் என்றால் என்ன என்றே பல ஊர்களுக்குத் தெரியாத காலம் அது. பஸ் சில மைல் போய் நின்று விட்டால், பழுது பார்க்க ஆள் கிடையாது. உடைந்த சாமானுக்கு மாற்றுச் சாமான் வேண்டும் என்றால் கப்பலில்தான் வர வேண்டும். பஸ் விடுகிறவரே பட்டறையும் வைக்க வேண்டும், மெக்கானிக்கையும் பழக்க வேண்டும்.

ராமநாதபுரம் ஜில்லா

மதுரைக்குக் கிழக்கே இருந்தது ராமநாதபுரம் ஜில்லா. 1910-ல் புதிதாகப் பிறந்த ஜில்லா. சிவகங்கை, தேவகோட்டை, அருப்புக்கோட்டை, விருதுநகர் எல்லாம் அப்போது அதில் சேர்ந்தவை.

மதுரையில் இருந்து மண்டபம் வரை 1902-ல் ரெயில் வந்து விட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், கடலைத் தாண்டி ராமேசுவரம் தீவுக்குள் ரெயில் போயிற்று. யாத்திரிகர்களுக்கு வசதி வந்தது.

ஆனால், ரெயில் போகாத ஊர்களின் கதி என்ன? கண்மாய்க் கரை ஓரத்துக் கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் கஷ்டம் என்றால், மாட்டு வண்டி கட்டிக் கொண்டு இரவெல்லாம் போக வேண்டும். மிளகாய் மூட்டை, பருத்தி மூட்டை சந்தைக்குப் போகவும் மாட்டு வண்டிதான்.

பஸ் வந்த பிறகுதான் இந்த நிலை மாறத் தொடங்கியது. ஒரு நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

டி.வி.எஸ். பஸ் நேரம் தவறாது என்று பெயர் எடுத்தது. அந்த பஸ் போவதைப் பார்த்து மதுரைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வார்கள் என்று சொல்வது உண்டு.

பெட்ரோலுக்குப் பஞ்சம்

1939-ல் போர் மூண்டது. பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்குப் போயிற்று. 1941-ல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கிருந்து வந்து கொண்டிருந்த எண்ணெயும் நின்று போயிற்று.

பஸ் இருந்தது. டிரைவர் இருந்தார். ஏறுவதற்கு ஜனங்கள் நின்றார்கள். பெட்ரோல்தான் இல்லை.

புது வண்டி வாங்கலாம் என்றால், அதுவும் வராது. பழைய வண்டியைத்தான் எப்படியாவது ஓட்ட வேண்டும். செலவும் அதிகம் ஆகக்கூடாது. டிக்கெட் விலையை ஏற்றி விட்டால் ஏழைகள் எப்படி ஏறுவார்கள்?

அந்த நேரத்தில் சுந்தரம் அய்யங்கார் பட்டறையில் உருவானதுதான் ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’. பழைய என்ஜினைக் கழற்றி எறிய வேண்டியது இல்லை. அதே என்ஜினோடு இந்தக் கருவியை இணைத்தால் போதும்.

எப்படி ஓடியது?

கரிவாயு வண்டியின் வேலை இதுதான்.

வண்டியோடு உயரமான ஓர் இரும்புப் பீப்பாய் இருக்கும். அதன் மேல் மூடியைத் திறந்து கரியைக் கொட்டுவார்கள். அடியில் நெருப்பு வைப்பார்கள்.

கரி தாராளமாக எரிந்தால் வெறும் வெப்பம்தான் கிடைக்கும். ஆகவே காற்றை அளவாக உள்ளே விடுவார்கள். காற்றுப் போதாமல் கரி கனலும்போது, எரியக்கூடிய ஒரு வாயு உண்டாகிறது. அதற்குக் கார்பன் மோனாக்சைடு என்று பெயர்.

அந்த வாயுவைக் குழாய் வழியாக ஆற விட்டு, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, காற்றோடு கலந்து என்ஜினுக்குள் அனுப்புவார்கள். பெட்ரோல் ஆவி செய்த வேலையை அது செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ கரி வேண்டும்.

இது உலகம் எங்கும் அந்தப் போர்க்காலத்தில் கைகொடுத்த முறை. சுவீடன் நாட்டில் மட்டும் 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் இப்படி ஓடின.

கஷ்டங்கள்

கரி வண்டி ஓட்டுவது லேசான வேலை அல்ல.

விடிவதற்கு முன்பே கிளீனர் எழுந்து, பீப்பாயில் கரி கொட்டி, நெருப்பு மூட்ட வேண்டும். விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கனலை எழுப்ப வேண்டும். நல்ல வாயு வந்த பிறகுதான் என்ஜின் கிளம்பும். மாலையில் சாம்பலை வாரி, வடிகட்டியைத் துடைக்க வேண்டும். முகமும் கையும் கரி அப்பிக் கொள்ளும்.

கரி ஈரமாக இருந்தால் வாயு கெட்டு விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரியைக் காப்பாற்றுவது பெரும் பாடு.

ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடு விஷ வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. மூடிய கொட்டகைக்குள் நெருப்பை விட்டு வைத்தால் ஆளைக் கொன்று விடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, சக்திக் குறைவு. கரி வாயுவில் பாதிக்கு மேல் நைட்ரஜன். அது எரியாது. ஆகவே பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்து விடும். மேட்டில் வண்டி திணறும்.

என்றாலும் பஸ் போயிற்று. மெதுவாகப் போனாலும் ஊர் போய்ச் சேர்ந்தது.

தேய்ந்த டயர்

பெட்ரோலோடு தொல்லை முடியவில்லை. மலாயாவும் ஜப்பானியர் வசம் ஆனது. உலகத்தின் ரப்பரில் பெரும் பகுதி விளைந்த நாடுகள் கை விட்டுப் போயின. டயர் கிடைப்பது குதிரைக் கொம்பு ஆயிற்று.

டயர் தேய்ந்து விட்டால் உடனே எறிந்து விட வேண்டியது இல்லை. உள்ளே உள்ள துணிக்கட்டு நன்றாக இருந்தால், மேலே புது ரப்பரை ஒட்டி வேக வைத்து, மறுபடி ஓட்டலாம். டயருக்கு மறு உயிர் கொடுக்கும் இந்தத் தொழிலுக்கும் சுந்தரம் அய்யங்கார் தொழிற்சாலை அமைத்தார்.

விதவை மகள் டாக்டர் ஆனார்

வீட்டிலும் அவருக்கு ஒரு சோதனை வந்தது. மகள் சவுந்திரத்துக்குச் சிறு வயதில் கல்யாணம் நடந்தது. இளம் வயதிலேயே அந்தப் பெண் விதவை ஆனார்.

வைதீகக் குடும்பத்து விதவை என்றால், மூலையில் உட்கார வேண்டும் என்பது அக்கால வழக்கம். சவுந்திரமோ படித்தார். டெல்லிக்குப் போய், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டர் ஆனார். 1940-ல், காந்தியவாதியான ஜி.ராமச்சந்திரனை மணந்து கொண்டார். காந்தி அடிகளே அந்தத் திருமணத்தை நடத்தி வைத்தார்.

கணவனும் மனைவியும் 1947-ல் தொடங்கியதுதான், சின்னாளப்பட்டி அருகே உள்ள காந்திகிராமம்.

பிள்ளைகள் கையில் பொறுப்பு

போர் முடிந்தது. பெட்ரோல் திரும்பி வந்தது. கரிப் பீப்பாய்களைக் கழற்றி வைத்தார்கள்.

மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று கம்பெனிகள் கிளைத்தன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றார்கள். பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டு விட்டு, சுந்தரம் அய்யங்கார் ஓய்வு பெற்றார். லாரி, பஸ் வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுக்கும் சுந்தரம் பைனான்ஸ் கம்பெனி, 1954-ல் உதயம் ஆயிற்று.

1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, கொடைக்கானலில் அவர் காலமானார். வயது 78.

வீணாகும் புகை

கரி வண்டியின் குறை, சக்தி போதாது என்பது. அதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. காற்றையும் வாயுவையும் அழுத்தி, என்ஜினுக்குள் அதிகமாகத் திணிக்க வேண்டும். மேல்நாட்டு என்ஜினீயர்கள் அதற்கும் முயன்றார்கள்.

இந்த யோசனைக்கு வேறு ஒரு வடிவம் கொடுத்தவர், சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் பியூக்கி. அதற்கு 1905-லேயே அவர் உரிமை பெற்றார். என்ஜின் வெளியே தள்ளும் புகையில், எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகப் போகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை உள்ளே அழுத்தலாம் என்று கண்டார். இதுதான் ‘டர்போ சார்ஜர்’. கார் என்ஜினில் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும்.

கார்களுக்கு முன்பே இது கப்பல்களுக்குப் போயிற்று. பியூக்கி 1959-ல் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1962-ல், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கார்களில் இதை வைத்து விற்றது.

தமிழ்நாட்டில் டர்போ சார்ஜர் செய்ய, 1982-ல் டர்போ எனர்ஜி என்ற கம்பெனி பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில், சுந்தரம் அய்யங்கார் குடும்பத்தாரின் கம்பெனிகளும் உண்டு.

பழைய காருக்குக் குறைந்த செலவில் டர்போ மாட்ட வேண்டும் என்ற ஆசை, இன்று பல வாலிபர்களுக்கு இருக்கிறது. பழைய சாமான் கடையில் டர்போ மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதைத் தாங்கும் பலம் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேண்டும். டர்போவுக்கு எண்ணெய்க் குழாய் இழுக்க வேண்டும். கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கூடுதல் பெட்ரோல் போக வேண்டும். வேகம் கூடினால் பிரேக்கும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். இவற்றைக் கணக்குப் பார்க்காமல் மாட்டினால், மலிவாக வாங்கிய டர்போ என்ஜினையே தின்று விடும். கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் தடுக்கிறது.

கரிப் பீப்பாய் காலத்து மெக்கானிக்குகளுக்கும் இதே கணக்குத்தான். பழைய என்ஜின் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து கொண்டு, அந்த அளவுக்கு வேலை வாங்கினார்கள்.

தீவுக்கும் பஸ் வந்தது

சுந்தரம் அய்யங்கார் காலத்தில் ராமேசுவரத்துக்கு பஸ் போக முடியாது. மோட்டாரில் வந்தவர்களும் மண்டபத்தில் இறங்கி, ரெயிலில்தான் கடலைக் கடக்க வேண்டும். பாம்பன் கடல் மீது சாலைப் பாலம் 1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதிதான் திறக்கப்பட்டது.

இன்று அந்தப் பாலத்தின் மேல், டர்போ பூட்டிய டீசல் பஸ்கள் இரவு பகலாக ஓடுகின்றன. உள்ளே குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு தாய்மார்கள் தூங்குகிறார்கள். பாலத்துக்கு மேற்கே, முதுகுளத்தூர்ப் பக்கம், கரி மூட்டம் புகைகிறது. ஒரு காலத்தில் அந்தக் கரியை நம்பித்தான் பஸ் கிளம்பியது என்பது, மூட்டம் போடுகிறவர்களிலும் பலருக்குத் தெரியாது.