அதோனிராம் ஜட்சன்

அதோனிராம் ஜட்சன் (ஆகஸ்டு 9, 1788 – ஏப்ரல் 12, 1850) என்பவர் பர்மாவில் (இன்றைய மியான்மர்) பணியாற்றிய அமெரிக்கக் கிறித்தவ மறைப்பணியாளரும் மொழிபெயர்ப்பாளரும் அகராதியியலாளரும் ஆவார். விவிலியம் முழுவதையும் எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து பர்மிய மொழியில் பெயர்த்தவர் இவரே. சிறைவாசம், இரு மனைவியரின் மறைவு, ஆறு குழந்தைகளின் இழப்பு, நெடுநாள் மனச்சோர்வு ஆகியவற்றுக்கிடையே இவரது வாழ்நாள் பணி நடந்தது. இவரைப் பற்றிய பக்தி நூல்கள் பலவும் சிறைவாசத்தையே விரிவாகக் கூறுகின்றன. ஆயினும் இவரது நம்பிக்கை கடுமையாகச் சோதிக்கப்பட்டது விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளிலேயே எனலாம்.

இளமை

ஜட்சன் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்திலுள்ள மால்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஒரு சபைப் போதகர். பிரவுன் கல்லூரியில் பயின்று 1807ஆம் ஆண்டு முதல் மாணவராகத் தேறினார். அங்கு ஜேக்கப் ஈம்சு என்ற நண்பரின் தாக்கத்தால், படைத்ததோடு நின்றுவிட்ட கடவுளையன்றி வேறெதையும் ஏற்காத இயற்கைச் சமயக் கொள்கைக்கு மாறினார். 1808இல் ஓர் இரவு விடுதியில் தங்கியபோது, அடுத்த அறையில் ஒருவர் வேதனையுடன் முனகி இறந்தார். இறந்தவர் ஈம்சே என்பது காலையில் தெரியவந்தது. ஜட்சனின் மனமாற்றத்துக்கு வித்திட்ட நிகழ்ச்சியாக அவர் குடும்பத்தார் வழியே இது கூறப்பட்டு வருகிறது. அவ்வாண்டே அவர் ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார்.

1812 பிப்ரவரி 5 அன்று ஆன் ஹாசல்டைன் என்பவரை மணந்தார். மறுநாள் சேலம் நகரத்தில் (மாசச்சூசெட்சிலுள்ள சேலம்) குருப்பட்டம் பெற்றார். இரு வாரங்களில் தம்பதியர் கல்கத்தாவுக்குக் கப்பலேறினர்.

பர்மாவை அடைதல்

கப்பலில் புதிய ஏற்பாட்டை ஆராய்ந்த ஜட்சன், நம்பிக்கை கொண்ட பின்னரே திருமுழுக்குப் பெற வேண்டும் என்ற பாப்திஸ்து கருத்துக்கு வந்தார். 1812 செப்டம்பரில் கல்கத்தாவில் ஜட்சனும் ஆனும் மீண்டும் திருமுழுக்குப் பெற்றனர். இதனால் தம்மை அனுப்பிய சங்கத்தின் ஆதரவைத் துறக்க நேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோ அவர்களை நாட்டைவிட்டு வெளியேறுமாறு ஆணையிட்டது. மொரிசியசுக்குச் சென்று, அங்கிருந்து 1813 ஜூன் மாதம் சென்னைக்கு வந்தனர். சென்னையிலும் கம்பெனியாரால் பிடித்து அனுப்பப்படும் அச்சம் இருந்தது. அப்போது துறைமுகத்தில் அவர்களுக்குக் கிடைத்த கப்பல் இரங்கூன் செல்வதாக இருந்தமையால் அதிலேயே ஏறினர். அவ்வகையில் ஜட்சன் பர்மாவுக்குப் புறப்பட்ட இடம் சென்னையாகும். வழியில் ஆனுக்கு முதற்குழந்தை இறந்தே பிறந்தது. 1813 ஜூலை 13 அன்று இரங்கூன் சேர்ந்தனர்.

சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதப்படும் பர்மிய மொழியையும், அதன் சமயச் சொற்களுக்கு மூலமான பாளி மொழியையும் ஜட்சன் கற்றார். இரண்டாம் குழந்தை ரோசர் எட்டு மாதத்தில், 1816ஆம் ஆண்டு இறந்தான். 1819இல் பர்மிய வழக்கப்படி சாலையோரத்தில் ஒரு சாவடி அமைத்து, வருவோருடன் உரையாடத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூன் 27 அன்று மாங் நாவ் என்பவர் திருமுழுக்குப் பெற்றார். ஜட்சன் பர்மாவுக்கு வந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த முதல் பர்மியக் கிறித்தவர் இவரே.

சிறைவாசம்

1824இல் முதலாம் ஆங்கிலேய–பர்மியப் போர் மூண்டது. அப்போது தலைநகர் ஆவாவில் இருந்த ஜட்சன், ஆங்கிலம் பேசும் பிற வெளிநாட்டினருடன் ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் ஜூன் 8 அன்று கைது செய்யப்பட்டார். அவர் அமெரிக்கர், ஆங்கிலேயர் அல்லர் என்ற வேறுபாடு அரசவையில் எடுபடவில்லை. மரணச்சிறை எனப்பட்ட அவ்விடத்தில் கால்களில் இரும்புத் தளைகள் பூட்டப்பட்டன. இரவில் கைதிகளின் கால்களுக்கிடையே மூங்கிலைச் செருகி, தோள்கள் மட்டும் தரையில் படும்படி உயர்த்திவிடுவர்.

ஆன் கருவுற்றிருந்த நிலையிலும் நாள்தோறும் அதிகாரிகளின் வீடுகளுக்குச் சென்று முறையிட்டார். சிறைக்கு உணவு கொண்டுசென்றார். 1825 சனவரியில் மரியா என்ற பெண்குழந்தை பிறந்தது.

புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்படி முதலில் வீட்டின்கீழ்ப் புதைத்து வைக்கப்பட்டிருந்தது. மழையில் அழிந்துவிடும் என அஞ்சிய ஆன் அதனை ஒரு கரடுமுரடான தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். எவரும் விரும்பாத தலையணையாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். 1825 மே மாதத்தில் கைதிகள் ஆங்பின்லே என்ற ஊருக்குச் சுடுமணலில் வெறுங்காலுடன் நடத்திச் செல்லப்பட்டபோது, சிறைக்காவலர் தலையணையின் மேலுறையை எடுத்துக்கொண்டு உள்ளிருந்த பஞ்சுக்கட்டை எறிந்துவிட்டனர். மாங் இங் என்ற பர்மியக் கிறித்தவர் உள்ளே இருப்பதை அறியாமலே, ஆசிரியரின் நினைவாக அதனை எடுத்து வைத்தார். பல மாதங்களுக்குப் பின்னர் கையெழுத்துப்படி சேதமின்றிக் கிடைத்தது.

ஆங்பின்லேயில் ஆன் கடும் நோயுற்றுத் தாய்ப்பால் வற்றியது. காவலரிடம் இசைவு பெற்ற ஜட்சன், தளையிட்ட கால்களுடன் குழந்தையை ஏந்தி ஊருக்குள் சென்று, பாலூட்டும் தாய்மாரிடம் இரந்தார். பர்மிய அரசுக்கு அமைதிப் பேச்சில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதே இறுதியில் விடுதலைக்கு வழிவகுத்தது. 1826 பிப்ரவரி 24 அன்று யாந்தபோ உடன்படிக்கை கையொப்பமாயிற்று.

இருண்ட ஆண்டுகள்

ஆங்கிலேயர் புதிதாக அமைத்த ஆமர்ஸ்ட் (இன்றைய சைக்காமி) நகரில் ஆனையும் குழந்தையையும் விட்டுவிட்டு, ஜட்சன் ஆங்கிலேயத் தூதுக்குழுவின் மொழிபெயர்ப்பாளராக மீண்டும் ஆவா சென்றார். புதிய உடன்படிக்கையில் சமய உரிமையைச் சேர்க்கலாம் என்ற எண்ணமே அவரை இழுத்துச் சென்றது. அது நிறைவேறவில்லை. அவர் அங்கிருக்கும்போதே, 1826 அக்டோபர் 24 அன்று, 36 வயதில் ஆன் காய்ச்சலால் இறந்தார். ஒரு மாதம் கழித்தே கடிதம் வந்தது. மரியாவும் 1827 ஏப்ரலில் இறந்து தாயின் அருகே அடக்கம் செய்யப்பட்டாள்.

சிறையில் தளராத மனம் இப்போது தளர்ந்தது. தாம் அருகில் இல்லாமற்போனது குற்ற உணர்வாக மாறியது. தமது பணியில் இறைப்பற்றைவிடப் புகழ்நாட்டமே மிகுந்திருந்ததோ என்ற ஐயம் எழுந்தது. பிரவுன் கல்லூரி வழங்கிய மதிப்புறு பட்டத்தைத் துறந்தார். தம்மைப் புகழ்ந்த கடிதங்களை அழிக்கச் செய்தார். சொந்தச் சேமிப்பை மறைப்பணிக்கு அளித்தார். மோல்மேன் அருகே காட்டில் குடில் அமைத்துத் தனித்திருந்தார். ஒரு கல்லறைக்குழி தோண்டி அதன் விளிம்பில் அமர்ந்து, உடல் அழிவதை எண்ணிக்கொண்டிருந்தார். உலகப்பற்றை முற்றும் ஒறுக்கச் சொல்லும் பிரெஞ்சு மறைஞானி மதாம் கியோன் அம்மையாரின் நூல்களில் அப்போது ஆழ்ந்திருந்தது துயரைக் கூட்டியிருக்கலாம். ஆன் மறைந்து மூன்றாண்டு நிறைந்தபோது, கடவுள் இருக்கிறார் என்று தாம் நம்புவதாகவும், ஆனால் அவரைக் கண்டடைய இயலவில்லை என்றும் எழுதினார்.

எனினும் இவ்வாண்டுகளில் அவர் பணியை முற்றாக நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பு ஏதோ ஓர் அளவில் தொடர்ந்தது. நெடுங்காலம் நம்பிக்கையின்றி வாழ்ந்த தம்பி எல்நாதன் 1829இல் இறக்குமுன் நம்பிக்கை கொண்டார் என்ற செய்தி சற்று ஆறுதல் தந்தது. எந்த ஒரு நாளில் இருள் நீங்கியது என்று சுட்ட முடியாது. 1830 முதல் ஊர் ஊராகச் சென்று போதிப்பதிலும், கரேன் மக்களின் மலையூர்ப் பயணங்களிலும் அவர் மெல்ல மெல்லத் தேறினார்.

விவிலியமும் அகராதியும்

1834 சனவரி 31 அன்று விவிலியத்தின் கடைசித் தாள் மொழிபெயர்க்கப்பட்டது. அதில் நிறைவு கொள்ளாமல் மேலும் ஆறு ஆண்டுகள் திருத்தி, 1840இல் முடித்தார். இம்மொழிபெயர்ப்பு பர்மியத் திருச்சபைகளில் இன்றும் வழக்கிலுள்ளது. பௌத்த சமயச் சொற்களைத் தயங்காமல் எடுத்தாண்டவர், அச்சமயத்தின் மெய்யியலைப் பரிவுடன் நோக்கவில்லை என்பது அவர்மீதான நியாயமான குறையாகும். அவரது ஆங்கில–பர்மிய அகராதி 1849இல் முடிவுற்றது. பர்மிய–ஆங்கிலப் பகுதியை அவர் மறைவுக்குப் பின் எட்வர்டு ஸ்டீவன்ஸ் நிறைவு செய்து 1852இல் வெளியிட்டார்.

பிற்காலம்

1834 ஏப்ரலில், மறைப்பணியாளர் ஜார்ஜ் போர்டுமனின் கைம்பெண்ணான சாராவை மணந்தார். எட்டுக் குழந்தைகளில் ஐவர் பிழைத்தனர். சாராவின் உடல்நலம் கருதி 1845இல் அமெரிக்கா புறப்பட்டபோது, செப்டம்பர் 1 அன்று செயின்ட் எலினா தீவில் அவர் இறந்தார். அங்கேயே அடக்கம் முடித்து, அன்று மாலையே கப்பலேறினார் ஜட்சன். முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் தாய்நாடு கண்ட அவருக்குத் தொண்டை நோயால் குரல் எழவில்லை. கூட்டங்களில் அவர் முணுமுணுத்ததை அருகில் நின்றவர் உரக்கச் சொன்னார்.

1846இல் எழுத்தாளர் எமிலி சபக்கை மணந்து பர்மா திரும்பினார். 1850இல் நோய் முற்றவே, கடற்காற்று நலம் தரும் என்று மருத்துவர் கூற, பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் ஏற்றப்பட்டார். ஏப்ரல் 12 அன்று வங்கக்கடலில் உயிர்நீத்தார். உடல் அன்றே கடலில் இறக்கப்பட்டது. கருவுற்றிருந்த எமிலிக்குப் பத்து நாட்களில் குழந்தை இறந்தே பிறந்தது. கணவரின் மரணச் செய்தி நான்கு மாதங்களுக்குப் பின்னரே அவரை எட்டியது. ஆனின் கல்லறை சைக்காமியிலும், சாராவின் கல்லறை செயின்ட் எலினாவிலும் உள்ளன. ஜட்சனுக்குக் கல்லறை இல்லை.