தன்னை நம்பிய கணித மேதை

மரக்காணத்து உப்பளக் கரையில் உள்ள எக்கியார்குப்பம் போன்ற மீனவச் சிற்றூர்களிலிருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகும் கனவோடு கல்லூரிக்கு வரும் இளைஞர்களை நாம் நன்கறிவோம். ஒரு தாளில் தவறியதும், தமக்குப் படிப்பு வாராது என்று தாமே தீர்ப்பெழுதிக் கொள்வோர் அவர்களுள் உண்டு. பிறர் கூறும் இழிசொல்லினும் கொடியது, ஒருவன் தன் நெஞ்சுக்குள் தனக்கே கூறிக்கொள்ளும் இழிசொல். அதனை வெல்ல விழைவோர் கணித மேதை சீனிவாச இராமானுசனின் வாழ்வை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியமையால் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. 1907இல் மீண்டும் எழுதியும் தோற்றார்.

பட்டமில்லை, பணியில்லை. ஆயினும் குறிப்பேட்டில் எழுதுவதை அவர் நிறுத்தினாரில்லை. 1910இல் வேலை வேண்டித் திருக்கோவலூர் சென்றார். அவ்வூரும் மரக்காணமும் அந்நாளில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்குத் துணை ஆட்சியராயிருந்த வி. இராமசாமி அய்யர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர். அவரிடம் இராமானுசன் காட்டியது மதிப்பெண் பட்டியலை அன்று, தம் குறிப்பேடுகளையே. அவற்றின் அருமையுணர்ந்த அய்யர், அலுவலகப் பணியில் அவரை முடக்க விரும்பாமல், சென்னைக் கணித அறிஞர்களிடம் ஆற்றுப்படுத்தினார்.

1911இல் அக்கழக இதழில் கட்டுரை வெளிவந்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் வரைந்தபோது, தாம் பட்டம் பெறாத எழுத்தர் என்பதை அவர் மறைக்கவில்லை. மறைக்காத அந்த நேர்மையே தன்னம்பிக்கையின் இலக்கணம் என்போம். 1914இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அவர் மனம் தளர்ந்ததே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. 1917இல் கடும் நோயுற்றார். டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் தகுதியும் அவ்வாண்டு கைகூடவில்லை. தனிமையும் சேர, உயிரையே வெறுக்கும் அளவுக்குத் துவண்டார். ஹார்டி முதலியோர் அவரைக் கைவிடாது முயன்றனர். 1918 மே மாதம் இராயல் கழக உறுப்பினரானார். அக்டோபரில் டிரினிட்டி தகுதியும் வந்தது. ஊக்கம் மீண்டது, ஆய்வும் தொடர்ந்தது. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல், தம் 32ஆம் வயதில் மறையும்வரை நோய்ப்படுக்கையிலும் புதியன கண்டார்.

மாணவச் செல்வங்களே! தேர்வுத்தாள் அளப்பது ஒரு நாளின் விடையை, உங்களை அன்று. உள்ளத்துக் குரல் இகழும்போது அதனோடு வாதிட வேண்டா. நாள்தோறும் சிறிதேனும் செய்துமுடித்து, அதனைத் தக்காரிடம் காட்டுங்கள். துயர் மிகின் வாய்திறந்து உதவி கேளுங்கள், அஃது இழிவன்று. ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியோரும் திருக்கோவலூர் அய்யரை நினைவிற்கொள்க. தவறிய மாணவன் ஒருவன் கையில் ஏட்டோடு நம் வாயிலில் நிற்பின், மதிப்பெண்ணை வினவுமுன் ஏட்டைத் திறந்து பார்ப்பது நம் கடன்.